பழைய குடும்பச் செய்முறை அட்டையிலிருந்து ஃப்ராஸ்டிங் பூசிய சாக்லேட் குக்கீ

அமெரிக்காவின் ஓஹையோ, அயோவா, மிசூரி போன்ற மாநிலங்களில் பல தலைமுறைகளாக ஒரே ஊரில் வாழும் குடும்பங்களின் சமையலறையில் பெரும்பாலும் ஒரு சிறு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள், 3 அங்குலத்துக்கு 5 அங்குலம் அளவுள்ள அட்டைகளில், பாட்டியும் கொள்ளுப்பாட்டியும் தம் கைப்பட எழுதிவைத்த செய்முறைகள் அடுக்கப்பட்டிருக்கும். வெண்ணெய்க் கறை படிந்து, மை மங்கி, ஓரம் மடங்கிய அட்டை எதுவோ, அதுவே அந்த வீட்டில் அதிகம் செய்யப்பட்ட பண்டம். அத்தகைய அட்டைகளில் அடிக்கடி காணப்படுவது, சாக்லேட் ஃப்ராஸ்டிங் என்னும் இனிப்புப் பூச்சு பூசிய மென்மையான சாக்லேட் குக்கீ. பாக்கெட்டில் விற்கும் மொறுமொறுப்பான குக்கீயை எதிர்பார்த்து இதைச் செய்பவர் ஏமாந்துபோவார். இது ஓவனில் தட்டையாகப் பரவாமல் சற்றே குவிந்து எழும்பும். உள்ளே கேக்குக்குரிய நுண்துளைகளும் ஈரப்பதமும் இருக்கும். குக்கீயில் இனிப்பு அடங்கியிருக்க, அதை ஃப்ராஸ்டிங் ஈடுசெய்யும். இரண்டும் சேர்ந்தே சுவை நிறைவடைவதால், ஃப்ராஸ்டிங்கை வெறும் அலங்காரமாக எண்ணி விட்டுவிட வேண்டாம்.

அட்டையில் எட்டு, பத்து வரிகளுக்கு மேல் இருக்காது. எழுதியவர் அதை அடுப்பருகே நின்று பார்த்துப் பழகிய மகளுக்கோ பேத்திக்கோ எழுதினார். ஆகவே அவர்கள் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்ததை விட்டுவிட்டு, மறந்துபோகக்கூடிய அளவுகளை மட்டும் குறித்தார். அந்த அட்டையை இன்று எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் குக்கீ வறண்டோ வெளிறியோ போவதற்குக் காரணம் இதுதான். எழுதாமல் விட்ட பகுதியை முதலில் மீட்டெடுத்துவிட்டால் செய்முறை எளிதாகிவிடும். எனவே மாவைத் தொடுவதற்கு முன், அட்டையைச் சரியாகப் படிப்பதற்கே இந்த வழிகாட்டியில் கூடுதலாக இடம் தருகிறேன்.

அட்டையைப் படிக்கும் முறை

"சாக்லேட், 2 சதுரம்" என்ற வரியிலிருந்து தொடங்குவோம். இங்கே சாக்லேட் என்பது சர்க்கரையே சேராத, கசப்பான சமையல் சாக்லேட். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டார்செஸ்டர் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய பேக்கர்ஸ் நிறுவனத்தின் சாக்லேட்டே பல வீடுகளில் புழங்கியது. அக்காலத்தில் அது தாளில் தனித்தனியே சுற்றிய கட்டிகளாக விற்கப்பட்டது. ஒரு கட்டியின் எடை 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம். எனவே 2 சதுரம் என்றால் 56 கிராம். இன்றைய பட்டைகளில் உடைத்தெடுக்கும் துண்டுகள் அதைவிட மிகச் சிறியவை என்பதால், துண்டுகளை எண்ணிப் போடுபவருக்குச் சாக்லேட் பெருமளவு குறைந்துவிடும். எப்போதும் எடைபோட்டே எடுங்கள்.

சர்க்கரை சேராத சாக்லேட் கிடைக்காத ஊரில், 28 கிராம் சாக்லேட்டுக்கு ஈடாக 3 மேசைக்கரண்டி கோகோ பவுடரையும் 1 மேசைக்கரண்டி வெண்ணெயையும் சேர்க்கலாம். இது பல காலமாக வழக்கில் உள்ள மாற்று. தமிழ்நாட்டின் பேக்கிங் பொருள் கடைகளில் "டார்க் காம்பவுண்ட்" என்ற பெயரில் விற்கும் கட்டியை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பும், மிகுதியான சர்க்கரையும் உள்ளன. மாவின் இனிப்பும் பதமும் இரண்டுமே மாறிவிடும்.

கோகோ பவுடரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. இயற்கையான கோகோ சற்றே அமிலத்தன்மை உடையது. காரம் சேர்த்துப் பதப்படுத்திய டச்சு முறைக் கோகோவில் அந்த அமிலம் தணிக்கப்பட்டிருக்கும். நிறம் கருத்து, சுவை மிருதுவாக இருக்கும். பழைய அட்டைகள் பேக்கிங் சோடாவை நம்பி எழுதப்பட்டவை. சோடாவுக்கு அமிலம் வேண்டும் என்பதால் இயற்கையான கோகோவே பொருந்தும். டப்பாவின் பின்புறம் பொருள் பட்டியலில் அமிலச் சீராக்கி 500 அல்லது 501 என்று அச்சிட்டிருந்தால் அது காரம் சேர்த்த கோகோ என்று அறியலாம்.

அடுத்து வருவது "புளித்த பால்". குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன், பண்ணை வீடுகளில் காய்ச்சாத பால் ஓரிரு நாளில் தானே புளித்துவிடும். அதைக் கொட்டிவிட மனமில்லாத பெண்கள் பேக்கிங் சோடாவோடு சேர்த்து ரொட்டிக்கும் கேக்குக்கும் குக்கீக்கும் பயன்படுத்தினார்கள். பாலின் லாக்டிக் அமிலம் சோடாவைச் சந்திக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வாயு வெளிப்பட்டு மாவை எழுப்பும்; சிக்கனத்திலிருந்து பிறந்த இந்த உத்தியே இந்தக் குக்கீயின் மென்மைக்கு அடிப்படை. இன்றைய பாக்கெட் பால் பாஸ்சுரைஸ் செய்யப்பட்டது. அதில் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் அழிக்கப்பட்டுவிட்டதால், வைத்திருந்தால் அது முறையாகப் புளிக்காமல் கெட்டுப்போகும். கெட்ட பாலைப் புளித்த பால் என்று கருதிச் சேர்க்கவே கூடாது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் கடையில் கிடைக்கும் கெட்டியான கல்ச்சர்ட் பட்டர்மில்க்கை (புளிக்கவைத்த மோர்) அப்படியே பயன்படுத்தலாம். நம் வீட்டு மோர் அதைவிட மிகவும் நீர்த்தது. ஆகவே 90 கிராம் சற்றே புளித்த கெட்டித் தயிரோடு 30 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்த்துக் கடைந்துகொண்டால் அரை கப் அளவும் சரியான பதமும் கிடைக்கும். தயிரும் இல்லையென்றால், அரை கப் அளவுக் கோப்பையில் ஒன்றரைத் தேக்கரண்டி வினிகரை விட்டு, மீதியைப் பாலால் நிரப்பி, பத்து நிமிடம் அசையாமல் வைக்கலாம். அமிலம் கிடைத்துவிடும், ஆனால் தயிரின் செழுமை கிடைக்காது.

கொழுப்பைப் பற்றிய வரி அட்டையின் வயதையும் சொல்லும். வெறுமனே "ஷார்ட்டனிங்" என்றிருந்தால் அது பெரும்பாலும் 1911இல் விற்பனைக்கு வந்த கிரிஸ்கோ போன்ற, தாவர எண்ணெயைக் கெட்டியாக்கிய கொழுப்பு. "ஓலியோ" என்றிருந்தால் மார்கரின். சர்க்கரை வழக்கத்தைவிடக் குறைந்து, சோளப்பாகோ மொலாசஸோ (சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கரிய பாகு) சேர்ந்திருந்தால், அது இரண்டாம் உலகப்போர்க் கால அட்டையாக இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவில் சர்க்கரைப் பங்கீடு 1942 மே மாதம் தொடங்கி 1947 ஜூன் வரை நீடித்தது, வெண்ணெயும் 1943 மார்ச் முதல் பங்கீட்டுக்குள் வந்தது. அத்தகைய அட்டை கிடைத்தால் முதல் முறை எழுதியபடியே செய்துபாருங்கள். அந்த மிதமான இனிப்பில் பழகிய குடும்பம் அதைத்தான் தன் குக்கீ என்று நினைவில் வைத்திருக்கும்.

நான் ஷார்ட்டனிங்குக்குப் பதில் வெண்ணெயையே பரிந்துரைப்பேன். பகுதியளவு ஹைட்ரஜனேற்றிய பழைய கொழுப்புகளின் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடானது என்பது இன்று ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் அவற்றைப் பாதுகாப்பானவை என்ற வகையிலிருந்து நீக்கியது. இந்தியாவிலும் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் வரம்பு 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஷார்ட்டனிங் முழுக்கக் கொழுப்பு. வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம், மீதி பெரும்பாலும் நீர். வெண்ணெய்க் குக்கீ சற்று அதிகமாகப் பரவும் என்றாலும், மாவைக் குளிரவைத்தால் அது கட்டுக்குள் வந்துவிடும். சுவையில் வெண்ணெய்க்கு நிகர் இல்லை.

அளவுக் குறியீடுகளில் பலரும் தடுமாறுவது ஓர் எழுத்தில். ஆங்கிலத்தின் சிறிய டி எழுத்து தேக்கரண்டியையும் (5 மில்லிலிட்டர்), பெரிய டி எழுத்து மேசைக்கரண்டியையும் (15 மில்லிலிட்டர்) குறிக்கும். மங்கிய கையெழுத்தில் இவ்விரண்டும் மாறினால் சோடா மூன்று மடங்காகிக் குக்கீ சோப்புச் சுவை அடிக்கும். சந்தேகம் வரும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: ஒரு கப் மோருக்கு அரைத் தேக்கரண்டி சோடா போதும், பழுப்புச் சர்க்கரையும் சாக்லேட்டும் கூட இருந்தால் இன்னும் சிறிது தாங்கும்.

கப் என்பதும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. பாஸ்டன் சமையல் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட தம் நூலின் வழியாகத் தலைதட்டிய, சீரான அளவை நாடெங்கும் பரப்பினார். அதற்கு முற்பட்ட மரபில் கப் என்பது அந்த வீட்டுத் தேநீர்க் கோப்பையாகவே இருக்கலாம். பின்னாளைய அட்டை என்றால் 237 மில்லிலிட்டர் என்று கொள்ளலாம். மாவு விஷயத்தில் சலித்தபின் அளப்பதா, அளந்தபின் சலிப்பதா என்பதும் முக்கியம். சலித்து அளந்த ஒரு கப் மைதா சுமார் 115 கிராம். டப்பாவில் கப்பை அமிழ்த்தி அள்ளினால் அதுவே 140 கிராமைத் தாண்டிவிடக்கூடும். பழைய வீடுகளில் சலித்து அளப்பதே வழக்கம் என்பதால், அட்டை எதுவும் சொல்லாவிட்டால் குறைந்த எடையை எடுத்துக்கொள்வது நல்லது.

"மிதமான ஓவன்" என்றால் 350 முதல் 375 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 175 முதல் 190 டிகிரி செல்சியஸ். விறகும் கரியும் எரித்த அடுப்புகளில் வெப்பமானி கிடையாது. கையை உள்ளே நீட்டி எவ்வளவு நேரம் பொறுக்க முடிகிறது என்று பார்ப்பார்கள், அல்லது ஒரு வெள்ளைத் தாளையோ சிறிது மாவையோ வைத்து அது பழுப்பாக எடுக்கும் நேரத்தைக் கணிப்பார்கள். அந்தக் கைப்பழக்கத்தைத்தான் அட்டையின் ஒரே ஒரு சொல் சுமந்திருக்கிறது.

கடைசியாக, "கொட்டைகள்" என்று மட்டும் எழுதியிருக்கும். எந்தக் கொட்டை என்பதை ஊர் சொல்லும். டெக்சாஸ், ஜார்ஜியா குடும்பம் என்றால் பீக்கான். மிசூரிக் குடும்பம் என்றால் காட்டில் பொறுக்கிய கருப்பு வால்நட்டாக இருக்கலாம். அதன் மணம் கடையில் கிடைக்கும் சாதாரண வால்நட்டைவிடப் பன்மடங்கு கடுமையானது, தோல் உரித்த கையில் பல நாள் கறை நிற்கும். ஒரு முறை அதைச் சேர்த்த குக்கீயை உண்டு வளர்ந்தவருக்கு வேறு கொட்டை போட்டால் ஏதோ குறைவது போலவே இருக்கும். கருப்பு வால்நட் கிடைத்தால் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

பொருள்கள்

மேற்கண்டவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு, இவ்வகை அட்டையை இன்றைய அளவில் எழுதினால் இப்படி அமையும். இதில் 30 முதல் 36 குக்கீகள் வரை கிடைக்கும்.

குக்கீக்கு: உப்பில்லாத வெண்ணெய் 113 கிராம், பழுப்புச் சர்க்கரை 200 கிராம், முட்டை 1 (ஓடு நீக்கி சுமார் 50 கிராம்), சர்க்கரை சேராத சாக்லேட் 56 கிராம், மேலே சொன்ன முறையில் கடைந்த மோர் 120 மில்லிலிட்டர், மைதா 200 கிராம், பேக்கிங் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய வால்நட் 100 கிராம்.

ஃப்ராஸ்டிங்குக்கு: சர்க்கரை சேராத சாக்லேட் 28 கிராம், வெண்ணெய் 30 கிராம், ஐசிங் சர்க்கரை 200 கிராம், சூடான காபி 2 முதல் 3 மேசைக்கரண்டி, வனிலா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

கடையில் கிடைக்கும் உப்பிட்ட வெண்ணெய்தான் உள்ளதென்றால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம். பழுப்புச் சர்க்கரை என்பது மொலாசஸ் கலந்த ஈரமான சர்க்கரை. அது கிடைக்காதபோது நாட்டுச்சர்க்கரையைக் கட்டி இல்லாமல் சலித்துச் சேர்க்கலாம், ஆனால் சுவை வெல்லத்தின் பக்கம் சாயும். பேக்கிங் சோடா என்பது நம் கடைகளில் ஆப்பசோடா என்று கேட்டாலும் கிடைப்பதுதான். அதற்குப் பதிலாக பேக்கிங் பவுடரை அதே அளவில் போட்டால் மாவு போதிய அளவு எழும்பாது.

மாவு சேர்த்தல்

வால்நட்டை முதலில் வறுத்துக்கொள்ளுங்கள். 175 டிகிரி ஓவனில் 7, 8 நிமிடம், அல்லது வாணலியில் சிறு தீயில் மணம் வரும் வரை போதும். அட்டையில் இது இருக்காது. ஆனாலும் பச்சைக் கொட்டையின் துவர்ப்பு நீங்கிச் சாக்லேட்டோடு நன்கு இணைவதற்கு இது உதவுகிறது. ஆறிய பிறகே நறுக்க வேண்டும்.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, மெல்லக் கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தின் மேல், நீர் கிண்ணத்தின் அடியைத் தொடாதபடி வைத்து உருக்குங்கள். கிண்ணமும் கரண்டியும் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும்; ஒரு துளி நீர் விழுந்தாலும் உருகிய சாக்லேட் மணல்மணலாக இறுகிவிடும். முக்கால் பங்கு உருகியதும் இறக்கிவிட்டால் மீதி அந்தச் சூட்டிலேயே உருகும். விரலால் தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு அது ஆறட்டும். கோகோ பவுடர் பயன்படுத்துவோர் அதை மைதாவோடு சலித்துக்கொண்டு, கூடுதல் வெண்ணெயை மற்ற வெண்ணெயோடு சேர்த்துக் குழைத்தால் போதும்.

மைதா, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா ஓரிடத்தில் கட்டியாக நின்றுவிட்டால் அந்தக் குக்கீ கசக்கும்.

வெண்ணெயைக் குழைக்கும் கட்டம்தான் குக்கீயின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. வெண்ணெய் சுமார் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் ஆனால் பளபளக்காத நிலையில் இருக்க வேண்டும். அயோவாவின் குளிர்காலச் சமையலறையில் மேசைமேல் ஒரு மணி நேரம் வைத்தால் இந்த நிலை வரும். சென்னை, மதுரை வெயிலில் கால் மணி நேரத்திலேயே அதைக் கடந்து உருகத் தொடங்கிவிடும். உருகிய வெண்ணெயில் காற்று தங்காது, குக்கீ எண்ணெய் கசிந்து தட்டையாகும். ஆகவே வெப்பமான ஊர்களில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி, சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்குங்கள். சர்க்கரை சேர்த்து மின்பீட்டரால் 3, 4 நிமிடம் அடித்தால் நிறம் வெளிறி, கலவை இலேசாகும். மரக்கரண்டியால் அடித்தால் இரு மடங்கு நேரம் பிடிக்கும்; பழைய அட்டைகளின் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள், பலனில் குறை எதுவும் இல்லை.

இப்போது முட்டையைச் சேர்த்து நன்றாகக் கலக்கும் வரை அடித்து, வனிலாவையும் ஆறிய சாக்லேட்டையும் ஊற்றுங்கள். சாக்லேட் சூடாக இருந்தால் வெண்ணெய் உருகிவிடும். மிகவும் ஆறிப்போனால் குளிர்ந்த கலவையில் துகள்துகளாக உறைந்துவிடும். கைச்சூட்டுக்கு நெருங்கிய நிலையே சரியானது.

அதன்பின் மாவையும் மோரையும் மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும்: மாவில் மூன்றில் ஒரு பங்கு, மோரில் பாதி, மீண்டும் மாவு, மீதி மோர், கடைசியில் மீதி மாவு. மோரை ஒரேயடியாக ஊற்றினால் வெண்ணெய்க் கலவை திரிந்துவிடும். மாவை ஒரேயடியாகப் போட்டால் அதைக் கலப்பதற்கே அதிகம் கிளற நேரும், கிளறக் கிளற மாவின் பசைத்தன்மை கூடிக் குக்கீ இறுகும். ஒவ்வொரு முறையும் உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போகும் வரை மட்டும் கிளறினால் போதும். கடைசியில் வால்நட்டைக் கரண்டியால் மடித்துக் கலந்துகொள்ளுங்கள். முடிவில் கலவை உளுந்து வடை மாவின் பதத்தில், கரண்டியிலிருந்து ஓடாமல் மெல்ல நழுவி விழ வேண்டும். குக்கீ என்ற பெயரைக் கேட்டு உருட்டும் பதத்தை எதிர்பார்த்து மேலும் மைதா சேர்ப்பதுதான் இதில் அதிகம் நேரும் பிழை. அதனால் குக்கீ வறண்டுபோகும். பச்சை மைதாவும் பச்சை முட்டையும் உள்ளதால், குழந்தைகள் கலவையை வழித்து உண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தை மூடி அரை மணி முதல் ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இரவு முழுவதும் வைப்பது நல்லதல்ல. சோடா மோரோடு சேர்ந்த கணத்திலிருந்தே வாயு உருவாகத் தொடங்கிவிடுவதால், நேரம் கடந்தால் எழும்பும் ஆற்றல் குறைந்துவிடும்.

ஓவனில்

ஓவனை 180 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் சூடாக்குங்கள். சிறிய மேசை ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் வெப்பமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. உள்ளே தொங்கவிடும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்குவது வேறெந்தக் கருவியையும்விடப் பயன் தரும். விசிறி சுழலும் ஓவன் என்றால் 165 டிகிரி போதும்.

தட்டில் பார்ச்மென்ட் தாளை விரித்து, ஒரு மேசைக்கரண்டி அளவுக் கலவையை இரண்டு அங்குல இடைவெளி விட்டு வையுங்கள். முதல் தட்டை நிரப்புவதற்கு முன் ஒரே ஒரு குக்கீயை மட்டும் சுட்டுப் பார்ப்பதை வலியுறுத்துகிறேன். அது பெரிதும் பரவினால் கலவையை இன்னும் குளிரவைக்க வேண்டும், அல்லது ஒரு மேசைக்கரண்டி மைதா சேர்க்கலாம். குவிந்து வெடித்தால் ஒரு மேசைக்கரண்டி மோர் கூட்டலாம். அடி கருகினால் தட்டை ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். அட்டையை எழுதியவருக்குத் தம் அடுப்பு தெரியும். உங்கள் அடுப்பைப் பற்றி இந்த ஒரு குக்கீதான் சொல்ல வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வரிலோ, அதைவிட உயரமான உதகமண்டலத்திலோ செய்பவர்கள் காற்றழுத்தம் குறைவு என்பதால் சோடாவைக் கால் பங்கு குறைத்து, மோரைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நடு அடுக்கில் 9 முதல் 11 நிமிடம் சுடவும். கரிய நிறத்தில் பழுப்பேறுவது தெரியாது என்பதால் கண்ணைவிட விரலே நம்பகமானது. நடுவில் மெல்லத் தொட்டால் பள்ளம் நிற்காமல் மேலே வர வேண்டும். மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மறைந்திருக்க வேண்டும். வீடு முழுவதும் சாக்லேட் மணம் பரவத் தொடங்கியதும் போய்ப் பார்த்துவிடுங்கள். ஓரிரு நிமிடம் தாமதித்தாலும் மென்மை போய்விடும். மென்மை இழந்த குக்கீயை எந்த ஃப்ராஸ்டிங்காலும் மீட்க முடியாது. எடுத்த தட்டில் இரண்டு நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றி முழுமையாக ஆறவிடுங்கள். அடுத்த தொகுதிக்குச் சூடான தட்டைப் பயன்படுத்தினால் ஓவனுக்குள் போகுமுன்பே வெண்ணெய் உருகிவிடும் என்பதால், தட்டு ஆறும்வரை காத்திருங்கள்.

ஃப்ராஸ்டிங்

சாக்லேட்டையும் வெண்ணெயையும் முன்போலவே நீராவியின் மேல் சேர்த்து உருக்கி இறக்கிவிட்டு, சலித்த ஐசிங் சர்க்கரை, உப்பு, வனிலா, 2 மேசைக்கரண்டி சூடான காபி ஆகியவற்றைச் சேர்த்து வழவழப்பாகும் வரை கிளறுங்கள். முதலில் திரண்டு கட்டியாகத் தோன்றினால் அஞ்ச வேண்டாம். சிறிதளவு நீர் சாக்லேட்டை இறுக்கும், மேலும் சேர்க்கும்போது அது தளர்ந்து பளபளப்பாகிவிடும். தேக்கரண்டி தேக்கரண்டியாகக் காபியைக் கூட்டி, கத்தியில் எடுத்தால் மெல்ல இறங்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அட்டைகளில் குறிப்பிடும் காபி பெரும்பாலும் காலையில் போட்டு மீந்த, பால் சேராத இலேசான காபி. அது காபிச் சுவையைத் தருவதைவிடச் சாக்லேட்டின் சுவையை ஆழப்படுத்துவதற்காகவே சேர்க்கப்படுகிறது. நம் ஃபில்டர் டிகாக்‌ஷன் அதைவிடப் பலமடங்கு அடர்த்தியானது, சிக்கரி கலந்திருந்தால் கசப்பும் கூடும். ஒரு பங்கு டிகாக்‌ஷனுக்கு பல பங்கு வெந்நீர் கலந்து சேர்த்தால் பொருத்தமாக இருக்கும்.

கடையில் வாங்கும் ஐசிங் சர்க்கரையில் சிறிதளவு சோள மாவு கலந்திருக்கும். ஃப்ராஸ்டிங் ஒட்டாமல் மேலே மெல்லிய ஏடு கட்டுவதற்கு அதுவும் துணை செய்கிறது. வீட்டில் மிக்சியில் அரைத்துக்கொள்பவர்கள் 200 கிராம் சர்க்கரைக்கு 2 தேக்கரண்டி கார்ன்ஃப்ளவர் சேர்த்து அரைக்கலாம். சில அட்டைகள் பச்சை முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்க்கச் சொல்லும். சால்மோனெல்லா கிருமியின் ஆபத்து இருப்பதால் அதை விட்டுவிட்டு ஒரு மேசைக்கரண்டி கெட்டிக் கிரீம் சேர்ப்பதே பாதுகாப்பானது.

காய்ச்சிச் செய்யும் மற்றொரு ஃப்ராஸ்டிங்கும் பல குடும்பங்களில் உண்டு. 200 கிராம் சர்க்கரை, 60 மில்லிலிட்டர் பால், 57 கிராம் வெண்ணெய் மூன்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் மட்டும் வைத்து இறக்கி, நறுக்கிய சாக்லேட் 28 கிராம் சேர்த்து, கெட்டிப்படும் வரை கரண்டியால் அடிக்க வேண்டும். இது ஆறியதும் பால்கோவாவுக்கும் மிட்டாய்க்கும் இடைப்பட்ட பதத்தில் உறையும்; சுவை மிக நன்று. ஆனால் பூசுவதற்குக் கிடைக்கும் நேரம் ஓரிரு நிமிடம்தான். இறுகிவிட்டால் ஒரு தேக்கரண்டி சூடான பாலை விட்டுக் கிளறித் தளர்த்தலாம். முதல் முறை செய்பவர் வெண்ணெய் ஃப்ராஸ்டிங்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வெண்ணெய் ஃப்ராஸ்டிங்கைப் பூச, குக்கீ முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடு மிச்சமிருந்தால் அது வழிந்து தட்டில் தேங்கும். ஒரு தேக்கரண்டி நிறைய எடுத்துக் குக்கீயின் நடுவில் வைத்து, கத்தியின் பின்புறத்தால் ஓரத்தை நோக்கிச் சுழற்றித் தள்ளுங்கள். விளிம்பில் அரை சென்டிமீட்டர் வெறுமையாக விட்டால் பிடித்து உண்ண வசதி. அரை வால்நட் ஒன்றை மேலே பதிக்கும் வழக்கம் உண்டு. ஃப்ராஸ்டிங் ஈரமாக இருக்கும்போதே அதைப் பதித்துவிட வேண்டும். ஏடு கட்ட இரண்டு மணி நேரமாவது பிடிக்கும், மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இன்னும் கூடுதலாகும். அதுவரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது.

எடுத்துவைத்தல்

ஏடு கட்டிய குக்கீகளை அடுக்குக்கு அடுக்கு பார்ச்மென்ட் தாள் இட்டுக் காற்றுப்புகாத தகரப் பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள் வரை நன்றாக இருக்கும். இரண்டாம் நாளில் ஈரம் சீராகப் பரவிச் சுவை இன்னும் கூடுவதாகவே நான் கருதுகிறேன். சற்று வறண்டதாகத் தோன்றினால், பழைய வீட்டு வழக்கப்படி ஒரு துண்டு ரொட்டியைப் பெட்டிக்குள் ஓர் இரவு வைக்கலாம். ரொட்டி காய்ந்து குக்கீ மென்மையாகும். கடும் வெயில் காலத்தில் மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து, உண்பதற்கு இருபது நிமிடம் முன் வெளியே எடுக்கவும்.

கிறிஸ்துமஸ் போன்ற விழாவுக்கு முன்கூட்டியே செய்ய விரும்புவோர், ஃப்ராஸ்டிங் பூசாத குக்கீகளை ஃப்ரீசரில் இரண்டு மாதம் வரை வைக்கலாம். எடுத்ததும் மூடியைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். திறந்துவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த குக்கீயின் மேல் நீராகப் படிந்து, பூசும் ஃப்ராஸ்டிங் ஒட்டாமல் வழுக்கும். மேற்பரப்பு உலர்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்த பின், விழாவன்று காலையில் புதிதாகச் செய்த ஃப்ராஸ்டிங்கைப் பூசினால் மாலை விருந்துக்குள் ஏடு கட்டித் தயாராகிவிடும்.